பூமிக்காகக் கட்டின ரூம்

இந்த பூமியைக் காப்பாத்தியே தீரணும்னு நெவில் முடிவு பண்ணது ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். மாட்டிறைச்சி ரோஸ்ட், உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங் எல்லாம் உள்ள போயாச்சு. ரெண்டாந்தரம் கிரேவி ஊத்திக்கும்போதுதான் அந்த ஞானம் பொறந்துச்சு.

"லொரெய்ன், இந்த பூமிக்கு நாம என்ன பண்ணியிருக்கோம்?"

லொரெய்ன் தட்டுகளை அடுக்கிக்கிட்டே சொன்னா: "நான் நேத்து குப்பையை மூணாப் பிரிச்சு மூணு தொட்டியில போட்டேன். நீ போய் மூணையும் ஒண்ணாக் கலந்தே."

"அதைச் சொல்லலை. பெருசா ஏதாவது பண்ணணும். நம்ம தோட்டத்து மூலையில ஒரு சின்ன ரூம் கட்டலாமா? சுற்றுச்சூழலுக்கு இதம். செலவும் மிச்சம்."

சொல்லிட்டு நெவில் முகத்தை சாமியார் மாதிரி வச்சுக்கிட்டான்.

உண்மையான காரணம் மாடிப்படிக்கு அடியில ஒரு கறுப்புப் பெட்டிக்குள்ள படுத்துக் கிடந்துச்சு. யூஃபோனியம். ஆறு மாசக் குழந்தையை மடியில வச்சுக் கொஞ்சுற மாதிரி வச்சுக்கிட்டு ஊதற பெரிய பித்தளை வாத்தியம். ஊர் பேண்டுல நெவில் இருபத்திரெண்டு வருஷமா ரெண்டாவது யூஃபோனியம். முதல் ஆளு, வெயில் வேணும்னு ஸ்பெயினுக்குக் குடிபோயிட்டான். நாற்காலி காலி. நவம்பர்ல பேண்ட் மாஸ்டர் ஊதச் சொல்லிக் கேட்டு ஆளை எடுக்கப் போறார். போட்டிக்கு ஒரு இருபது வயசுப் பொண்ணு. ஊதும்போது அவ மூச்சு விடறதே இல்லைன்னு ஊர்ல பேச்சு. நெவில் தினம் ஊதிப் பழகினாதான் உண்டு.

வீட்டுல ஊதலாமேன்னு கேப்பீங்க. எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஊதினான். பக்கத்து வீட்டு டெஸ்மண்ட், பாய்லர் வெடிக்கப் போகுதுன்னு நினைச்சு கேஸ்காரங்களைக் கூப்பிட்டுட்டார். அன்னிக்கு லொரெய்ன் சொன்னா: "இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

நெவில் ஒரு நிமிஷம் யோசிச்சான். அந்த ஒரு நிமிஷத்தை அவ இன்னும் மறக்கலை.

அதனால இப்ப வாத்தியத்தைப் பத்தி மூச்சு விடலை. பூமியைப் பத்தி மட்டும் பேசினான். ஒரு ஃபைலே கொண்டு வந்திருந்தான்.

"சுவத்துக்குள்ள ஆட்டுக் கம்பளி அடைக்கறாங்க லொரெய்ன். சூடு வெளிய போகாது. ரசாயனம் கிடையாது. எல்லாம் நம்ம யார்க்‌ஷயர் ஆடு."

"ஆட்டுகிட்டக் கேட்டாச்சா?"

"மரம் பூராவும் இடிச்ச பழைய மில்லுல எடுத்தது. ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டாம். கூரை மேல செடி. தேனீ வரும்."

"தேனீ வந்தா நீதான் முதல்ல வீட்டுக்குள்ள ஓடி வருவே."

"சோலார் பலகை வேற. இதே ரூமை வீட்டோட சேத்து இழுத்துக் கட்டினா அம்பதாயிரம் பவுண்டு. இது பதினாலாயிரம்தான். குளிர்காலத்துல இவ்வளவு பெரிய வீட்டை எதுக்குச் சூடு பண்ணணும்? ஆள் இருக்கற ஒரு சின்ன ரூமைச் சூடு பண்ணா போதாதா? எதையும் வீணாக்கக் கூடாது லொரெய்ன்."

"அந்த ரூம்ல நீ என்ன பண்ணுவே?"

இந்தக் கேள்வி ஃபைல்ல இல்லை.

"யோசிப்பேன்."

"எதை?"

"பூமியை."

லொரெய்ன் அவனை ஒரு பார்வை பாத்தா. எழுந்து போய் கெட்டிலைப் போட்டா. தண்ணி கொதிச்சு அடங்கற வரைக்கும் நெவில் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்.

"சரி, கட்டு."

மிச்சம் வச்சிருந்த எட்டுக் காரணம் நெவில் தொண்டையிலயே நின்னுடுச்சு. புல்லு வெட்டற மெஷின் வாங்க நாலு வருஷம் யோசிச்ச பொம்பளை, ஒரு கப் டீ கொதிக்கறதுக்குள்ள ஒரு ரூமுக்கே சரின்னுட்டா. அங்கேயே அவன் உஷாராகியிருக்கணும். ஆனா ஜெயிச்ச மனுஷன் எங்க உஷாராகறான்?

ஆகஸ்ட்ல ரெண்டு ஆள் வந்து மூணு வாரத்துல கட்டி முடிச்சாங்க. அந்த ஊர்ல வேலி ஓரமா எதைக் கட்டினாலும் ரெண்டரை மீட்டருக்கு மேல போகக் கூடாது. போனா கவுன்சில்ல அனுமதி வாங்கணும். நெவில் தானே ஏணியில ஏறி அளந்தான். ரெண்டு மீட்டர் நாப்பத்தொன்பது சென்டிமீட்டர்! ஒரு சென்டிமீட்டர் மிச்சம் வச்ச பெருமையில ரெண்டு நாள் தலை நிமிந்து நடந்தான். அப்புறம் கூரை மேல தட்டு வச்சு, மண்ணு கொட்டி, செடி பரப்பினான்.

அதுக்கப்புறம் அவன் அளக்கலை.

டெஸ்மண்ட் அளந்தார். அவர் சர்வேயரா இருந்து ஓய்வு பெத்தவர். சம்பளம் நின்னுச்சே தவிர அளக்கறது நிக்கலை. செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமை காலையில வேலிக்கு மேல அவர் தலை தெரிஞ்சுது.

"குட் மார்னிங் நெவில். இன்னிக்கு மழை வராது போல."

"ஆமாங்க, வராது போல."

"எட்டு சென்டிமீட்டர்."

"மழையா?"

"உங்க கூரை. அளவுக்கு மேல."

நெவில் அண்ணாந்து கூரையைப் பாத்தான். "அது... செடிங்க, டெஸ்மண்ட்."

"செடிக்குக் கீழ மண்ணு. மண்ணைச் சுத்தித் தட்டு. தட்டோட விளிம்பு வரைக்கும்தான் அளந்தேன். பூவைக் கழிச்சுட்டேன். அநியாயம் பண்ண மாட்டேன்."

"எட்டே எட்டு சென்டிமீட்டர்தானே!"

"இன்னிக்கு எட்டும்பீங்க, நாளைக்கு மாடி கட்டுவீங்க. திங்கக்கிழமை கவுன்சிலுக்கு லெட்டர் போடறேன். மனசுல வச்சுக்காதீங்க. உங்க ரோஜா இந்த வருஷம் அருமை."

தலை இறங்கிடுச்சு.

நெவில் வீட்டுக்குள்ள ஓடினான். இன்னும் ஒரு சுரம்கூட ஊதலை. அடுத்த மாசம் லொரெய்ன் அவ தங்கச்சி வீட்டுக்குப் போனதும் பெட்டியை ரூமுக்குக் கடத்தறதா திட்டம். அதுக்குள்ள இப்படி!

"லொரெய்ன்! நீதான் காப்பாத்தணும். டெஸ்மண்ட் சம்சாரம் மார்ஜரி உனக்குப் பழக்கம்தானே?"

லொரெய்ன் காலையில சுட்ட இஞ்சிக் கேக்கை டப்பாவோட எடுத்துக்கிட்டுப் போனா. நெவில் ஜன்னல் திரைக்குப் பின்னாடி நின்னு நகத்தைக் கடிச்சான். இருபதாவது நிமிஷம் அவ வெறுங்கையோட திரும்பி வந்தா.

"முடிஞ்சுது. லெட்டர் கிடையாது."

"நீ தெய்வம்! என்ன சொன்னே?"

"மார்ஜரிக்கு முழங்கால் வலி. டவுனுக்குப் போக முடியலை. குனிஞ்சு தலை கழுவவும் முடியலை. வாராவாரம் நானே முடி கழுவி, சுருட்டி விடறேன்னேன். டெஸ்மண்ட் டேப்பைச் சுருட்டி உள்ள வச்சுட்டார்."

முடி வெட்டறது, சுருட்டறதுதான் லொரெய்னோட தொழில். வேன்ல சாமானை ஏத்திக்கிட்டு வீடு வீடாப் போவா.

"இவ்வளவுதானா! நம்ம சமையல்கட்டுலயே பண்ணிடேன்."

"சமையல்கட்டுலயா? பதினேழு டிகிரியில? எழுபத்தெட்டு வயசுக்காரியை ஈரத்தலையோட உக்கார வைக்கவா? ஆள் இருக்கற சின்ன ரூமைச் சூடு பண்ணா போதும்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன்."

"புதன்கிழமை மட்டும்."

"புதன் மட்டும்னா... சரி."

மார்ஜரி ஒரு புதன் வந்தாங்க. கம்பளிச் சுவர் குடுத்த கதகதப்புல அப்படியே அரை மணி தூங்கிட்டாங்க. தூங்கி எழுந்து போய் ஊரெல்லாம் சொன்னாங்க. அடுத்த புதன் அஞ்சு பேர். அதுக்கடுத்து செவ்வாய் சேந்துச்சு, அப்புறம் வாரம் பூராவும். தண்ணித் தொட்டி வந்துச்சு. கண்ணாடி வந்துச்சு. தலைக்கு மேல கவுத்தற டிரையர் நாலு வந்து, விண்வெளிக்குப் போற மாதிரி வரிசையா நின்னுச்சு.

"லொரெய்ன், இவ்வளவு பேரு வராங்களே..."

"முன்னாடி நான் ஒருத்தி வேன்ல இருபது வீட்டுக்குப் போவேன். இப்ப இருபது பேரும் நடந்து வராங்க. எவ்வளவு டீசல் மிச்சம் தெரியுமா? பூமிக்கு நல்லதுதானே நெவில்?"

"நல்லது... தான்."

"டிரையர் ஓடற சூட்டுல ரூம் தானா சூடாயிடுது. வீணாப் போறதே இல்ல. நீ சொன்னப்போ நான்கூட நம்பலை."

"வீடு ஏன் இப்படிக் குளிருது?"

"ஹீட்டரை நிறுத்திட்டேன். ஆள் இல்லாத வீட்டுக்கு எதுக்குச் சூடு?"

"நான் இருக்கேனே!"

"நீயும் அங்க வந்துடு. டீ போட்டுக் குடுக்க ஆள் வேணும்."

இப்படி நெவில் ஃபைல்ல இருந்த ஒவ்வொரு காரணமும் ஏப்ரன் கட்டிக்கிட்டு லொரெய்ன் பக்கம் வேலைக்குப் போயிடுச்சு. எதிர்த்துப் பேச ஒரே ஒரு உண்மைதான் பாக்கி இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் வாய் வரலை. ஒருநாள் வேன்ல உக்காந்து ஊதிப் பாத்தான். வாத்தியம் ஸ்டியரிங்ல இடிச்சு ஹாரன் அடிச்சுது. இவனைவிட ஹாரன்தான் சுதியோட இருந்துச்சு.

நவம்பர் வந்துச்சு. பேண்ட் மாஸ்டர் கூப்பிட்ட வெள்ளிக்கிழமைக்கு நாலே நாள். நெவில் கோட்டு, கம்பளித் தொப்பியோட மேஜையில உக்காந்து சூப்பைக் குடிச்சுக்கிட்டே ஆரம்பிச்சான்.

"லொரெய்ன், உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்."

"யூஃபோனியமா?"

ஸ்பூன் சூப்புக்குள்ள முங்கிடுச்சு. "உனக்கு எப்படி..."

"ஜூன் மாசமே, நீ ஃபைலோட வர்றதுக்கு முன்னாடியே தெரியும். கம்பளி அடைக்கறவரு போன் பண்ணினார். 'உங்க வீட்டுக்காரர் கேட்டதுக்குப் பதில் சொல்லணும்மா. கம்பளி எல்லாச் சத்தத்தையும் அடக்கிடும். ரொம்பக் கீழ் ஸ்தாயி மட்டும் கொஞ்சம் வெளிய கசியும். பரவாயில்லையா?'ன்னார். ஏன் நெவில், பூமியைப் பத்தி யோசிக்கறவன் எதுக்குக் கீழ் ஸ்தாயியில யோசிக்கறான்?"

நெவில் தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டான். "நீ அவர்கிட்ட என்ன சொன்னே?"

"இன்னொரு அடுக்கு கம்பளி வைக்கச் சொன்னேன்."

"என் வாத்தியத்துக்காகவா?"

"பின்ன ஆட்டுக்காகவா?"

"அப்ப ஏன் லொரெய்ன் என்னை ஊத விடலை?"

"நீ கேக்கவே இல்லையே! நீ பூமின்னே. நானும் பூமிக்கு மரியாதை குடுத்துக்கிட்டிருந்தேன்."

"இப்பக் கேக்கறேன். எனக்கு அந்த ரூம் வேணும்."

லொரெய்ன் கண்ணாடியை மாட்டிக்கிட்டு டைரியைப் புரட்டினா. விரல் மேலேருந்து கீழ இறங்குச்சு. செவ்வாய் முழுசு. புதன் முழுசு. "வியாழன் நாலு மணிக்கு ஒரு இடம் இருக்கு. அரை மணி. பேரு?"

"லொரெய்ன்!"

"நெ-வி-ல்," பென்சிலால எழுதிக்கிட்டா. "லேட்டா வராதே."

வியாழக்கிழமை நாலு மணி. வாத்தியத்தைப் பளபளன்னு துடைச்சு, ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, நெவில் தோட்டத்தைக் கடந்து போனான். கதவைத் திறந்தான். நாலு டிரையர். நாலுலயும் நாலு தலை. ஓரத்துல மார்ஜரி.

"இவங்க எல்லாம் இன்னும் போகலையா?"

"காய வேண்டாமா? நாலரை ஆகும்."

"இவங்க முன்னாடி எப்படி ஊதறது?"

"டிரையருக்குள்ள தலை இருந்தா இடி விழுந்தாக்கூடக் கேக்காது. வந்து உக்காரு."

உக்காந்தான். கழுத்தைச் சுத்தி ஒரு துணி விழுந்துச்சு.

"இது எதுக்கு?"

"முடி வெட்டத்தான். நாளைக்கு பேண்ட் மாஸ்டர் முன்னாடி இந்தத் தலையோடயா போய் நிப்பே? நீ வாயால ஊது. தலை சும்மாத்தானே இருக்கு? எதையும் வீணாக்கக் கூடாது."

நெவில் வாத்தியத்தை வாயில வச்சான். ஊதினான். மெதுவா நடக்கற பாட்டு. பாதி வரைக்கும் கத்திரி சரக் சரக்குனு தாளம் போட்டுச்சு. கடைசிக்கு முந்தின வரியில ஒரு நீளமான கீழ் ஸ்தாயி. அதை அவன் பிடிச்சு, நடுங்காம, அப்படியே நிறுத்தினான். கத்திரி நின்னுடுச்சு. எதிர்க் கண்ணாடியில பாத்தான். லொரெய்ன் சீப்பைக் கையில வச்சுக்கிட்டுக் கண்ணை மூடி நின்னுக்கிட்டிருந்தா.

வாயை எடுத்துட்டு மெதுவாக் கேட்டான்: "நல்லா இருக்கா?"

"அசையாதே. காது போயிடும். அந்த இடத்தை இன்னொரு தடவை ஊது."

உச்சி குளுந்து போச்சு நெவிலுக்கு. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அதே கீழ் ஸ்தாயியை இன்னும் பெருசா விட்டான். கண்ணாடி அதிந்துச்சு. அலமாரியில கிளிப்பெல்லாம் கலகலத்துச்சு.

ஓரத்து டிரையரைத் தூக்கிக்கிட்டு மார்ஜரி தலையை வெளிய நீட்டினாங்க.

"லொரெய்ன் கண்ணு! இந்த மெஷின் ஏதோ மாடு கத்தற மாதிரி இரையுது பாரும்மா. ரிப்பேர்காரனைக் கூப்பிட்டுக் காட்டக் கூடாதா?"

நெவில் வாயிலேருந்து பாதிச் சுரம் புஸ்ஸுன்னு இறங்குச்சு. லொரெய்ன் போய் மார்ஜரி தலையை மெதுவா டிரையருக்குள்ள அமுக்கி விட்டா.

"அது பழைய மெஷின் மார்ஜரி. இனிமே ஒவ்வொரு வியாழனும் நாலு மணிக்கு அரை மணி நேரம் இப்படித்தான் கத்தும். நான் காட்டாத ரிப்பேர்காரனா?"