முதுகுக்கு அளவெடுத்த வண்டி

முதுகு போனாலும் போகட்டும், வண்டி போகக்கூடாது என்று கண்ணாடிக்கடைக்காரர் முடிவெடுத்தார். முடிவெடுத்தது ஞாயிற்றுக்கிழமை காலை, எழுந்திருக்க முடியாமல் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தபோது.

"பைக்கை வித்துடுங்க," என்றாள் மனைவி. "சின்னதா ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கலாம். உங்களுக்கும் முதுகு வலிக்காது, நானும் ஓட்டுவேன்."

முதல் பாதியில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டாம் பாதிதான் உதைத்தது. பைக் இருக்கும்வரை அவள் ஓட்ட முடியாது. உயரமான வண்டி. அவளுக்குக் காலும் எட்டாது, கையும் எட்டாது. கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னாலும் அவள் பின்னாலும் இருக்கிற ஒரே இடம் அந்த வண்டிதான். டி.வி. ரிமோட் போயிற்று. ஜன்னலோரக் கட்டில் போயிற்று. இதையும் விட்டுவிட்டு மனுஷன் என்ன செய்வது?

"வண்டியில கோளாறு இல்ல," என்றார். "உட்கார்ற விதத்துலதான் கோளாறு. ஹேண்டில் தள்ளி இருக்கு. குனியறேன். வலிக்குது. ஹேண்டிலைக் கிட்ட கொண்டுவந்தா தீர்ந்துது."

"நீங்களேவா?"

"பின்னே? நான் பாக்கற வேலையே அதானே?"

உண்மைதான். முகத்துக்குத் தகுந்தபடி மூக்குக்கண்ணாடியை வளைப்பது அவர் தொழில். காதுப் பக்கம் ஓர் அழுத்து, மூக்குப் பக்கம் ஒரு நெளிப்பு, எதிரே நின்று ஒற்றைக் கண்ணால் ஒரு பார்வை. அவ்வளவுதான். போட்டிருப்பவரை ஒரு வார்த்தை கேட்க மாட்டார். போட்டிருப்பவனுக்கு என்ன தெரியும், நின்று பார்க்கிறவனுக்குத்தான் கோணல் தெரியும் என்பது அவர் கட்சி.

மாடிப்படி பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஏறி உட்கார்ந்தார். மனைவியைப் பக்கவாட்டில் நிற்க வைத்தார்.

"பாத்துச் சொல்லு. எப்படி இருக்கு?"

"நல்லாருக்குங்க."

"முதுகு?"

"முதுகும் இருக்கு."

"இருக்கா இல்லையான்னா கேட்டேன்? நேரா இருக்கா?"

"லேசா வளைஞ்சிருக்கு. உங்களுக்கு எப்பவுமே அப்படித்தானே?"

"எவ்வளவு வளைஞ்சிருக்கு?"

"எனக்கென்னங்க தெரியும்? உங்க கண்ணு மாதிரி வருமா? நீங்க நின்னு பாத்தா ஒரு நொடியில சொல்லிடுவீங்க."

நியாயமாகப் பட்டது. இறங்கினார்.

"அப்ப நீ ஏறி உட்காரு. நான் பாக்கறேன்."

"நானா? எனக்கெதுக்குங்க இதெல்லாம்?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அநியாயத்துக்குக் குனிந்திருந்தாள்.

"பாத்தியா! இதான் கோளாறு!"

ஸ்பேனரை எடுத்தார். போல்ட்டுகளைத் தளர்த்தி ஹேண்டிலைப் பின்னால் சாய்த்தார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"கை எட்டுது. விரல் கிளட்சுக்குப் போகலைங்க."

கிளட்சை உள்ளே இழுத்து வைத்தார். பிரேக்கையும் அப்படியே.

"கால்?"

"தொங்குது."

தொங்கினால் இடுப்புக்கு ஆகாது. சீட்டைக் கழற்றினார். உறையைப் பிரித்தார். ரொட்டி அறுக்கிற கத்தியால் முன்பக்கத்து ஸ்பாஞ்சை இரண்டு விரல் கனத்துக்குச் செதுக்கித் தள்ளினார். ஷாக் அப்சார்பரையும் இறங்குகிற மட்டும் இறக்கினார். அவள் மறுபடி ஏறினாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. முதுகு அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நின்றது.

"இதான்யா பொருத்தம்!" என்று கத்தினார்.

கத்தியது வினை. மாடி வீட்டுக்காரர் பாதிப் படி இறங்கி வந்துவிட்டார். அவர் மூக்கில் இருந்தது போன வாரம் இவர் வளைத்துக் கொடுத்த கண்ணாடி.

"என்ன சார், ஒரே சத்தம்?"

"வண்டியை முதுகுக்குத் தகுந்த மாதிரி செஞ்சுட்டேன். நீங்களே பாருங்க, ஒரு இம்மி கோணல் உண்டா?"

"கனகச்சிதம் சார். எங்க, நீங்க உட்காருங்க பாப்போம்."

மனைவி இறங்கினாள். அவர் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் ஹேண்டிலில் இடித்தன. முழங்கை விலாவில் குத்தியது. நர்சரிப் பள்ளி நாற்காலியில் உட்கார்ந்த தலைமையாசிரியர் போலிருந்தார்.

மாடி வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி இறங்கினார்.

"சார், அளவு யாருக்கு எடுத்தீங்க?"



கேட்டவர் மெல்லத் தன் கண்ணாடியைக் கழற்றினார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதை என் மூக்குக்குத்தானே வளைச்சீங்க?"

கண்ணாடிக்கடைக்காரருக்குக் குப்பென்று வேர்த்தது. இந்த ஆள் வாயைத் திறந்தால் கட்டிடம் முழுக்கக் கேட்கும். நாளைக் காலையில் கடைவாசலில் கண்ணாடியும் கையுமாக ஒரு கும்பல் நிற்கும். வண்டியா, கடையா?

"தெரிஞ்சுதான் செஞ்சேன்," என்றார். "இவளுக்காக எடுத்த அளவு. இனிமே இவதான் ஓட்டப் போறா."

"அப்படிச் சொல்லுங்க! தொழில் தெரிஞ்சவருக்குத் தப்பு வருமா?" கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறியது.

மனைவி முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "எனக்காகவா? சொல்லவே இல்லையே," என்று சாவிக்குக் கையை நீட்டினாள்.

"லைசென்ஸ் வேணுமே," என்றார், குரலைத் தாழ்த்தி. கடைசி நம்பிக்கை.

"எடுத்து ரெண்டு வருஷமாச்சுங்க. உங்க அண்ணிதான் கத்துக்குடுத்தாங்க. வண்டிதான் அளவா அமையலை."

சாவி கைமாறியது. அவர் பின்னால் ஏறினார். பள்ளத்தில் நிதானித்தாள், திருப்பத்தில் அளவாகச் சாய்ந்தாள். அவருக்கு முதுகு வலிக்கவே இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

தெருமுனையில் நிறுத்தி, பாதி திரும்பிக் கேட்டாள்.

"பின்சீட்டு சௌகரியமா இருக்காங்க? கூச்சப்படாம சொல்லுங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க அளவுக்குச் செஞ்சுடலாம்."