புல்தைலம் போட்ட கழுத்தும் தாய்மாமன் மடியும்

அன்புத் தங்கை இசக்கிச்செல்விக்கு, கோவில்பட்டியிலிருந்து அண்ணன் கொம்பையா எழுதுவது. செண்பகவல்லி அம்மன் புண்ணியத்தில் நீயும் மாப்பிள்ளையும் என் குட்டி மருமகளும் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம்தான் என்று உன்னை நம்பவைக்கத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால் தென்காசி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்கு வந்தது அம்மை இல்லை. கழுத்துவலிக்கு நீ ஆசையாகக் கொடுத்தனுப்பினாயே குற்றாலத்துப் புல்தைலம், அதில் ஒரு சொட்டைத் தேங்காயெண்ணெயில் கலந்து போடச் சொல்லியிருந்தாய். வத்தல் கடைக்காரன் நான், மிளகாய் மூட்டைமேல் படுத்து எழுந்தாலும் தும்மாத உடம்பு, புல் என்ன செய்துவிடும் என்று உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்தேன். மறுநாள் கழுத்திலிருந்து இடுப்புவரை சிவந்து தடித்து, ஐயோ, அந்த அரிப்பை எழுத்தில் சொல்ல முடியாது. உன் மதினி வள்ளிமயில் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா எறங்கியிருக்கா, ஆசுபத்திரி பேச்சே எடுக்கப்படாது" என்று வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, கடையைப் பூட்டி, என்னை உள்ளறையில் படுக்கவைத்துவிட்டாள். அத்தோடு விட்டாளா? "ஆத்தா இருக்குத எடம் மணக்காண்டாமா?" என்று அதே தைலத்தைத் தண்ணீரில் விட்டுத் தினமும் தரை துடைத்தாள்! பிறகு தடிப்பு எப்படி இறங்கும்? தடிப்பு கூடக் கூட, ஆத்தாவுக்குக் கோபம் தீரவில்லை என்று இன்னொரு தடவை துடைப்பாள்.

இதற்குள், எனக்கு அம்மை என்று நம்பி, மருமகள் காதுகுத்துக்குப் பெரியப்பா மகன் லிங்கராஜை மடி கொடுக்கச் சொல்லிவிட்டாய் என்று தகவல் வந்தது. கூடப்பிறந்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்க, அவன் மடியா? பின்வாசல் வழியாக ஓடித் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். கழுத்தை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அம்மையும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, இந்தத் தைலம் ஒங்களுக்கு ஒத்துக்கிடல. இனி இதத் தொடவே கூடாது. வேற எந்தத் தைலமானாலும் கைல துளி தடவி, பொறுத்துப் பாத்துட்டுத்தான் போடணும்" என்று களிம்பு கொடுத்தார். வீட்டைக் கழுவி, துணியெல்லாம் துவைத்து, இப்போது உடம்பு பளிச்சென்று இருக்கிறது. யாருக்கும் தொற்றாது. லிங்கராஜைப் பந்தி பார்க்கச் சொல். வெள்ளிக்கிழமை மருமகள் என் மடியில்தான் உட்கார வேண்டும். அவள் அழுதால் நானும் சேர்ந்து அழுவேன்.

மருமகளுக்கு முத்தங்கள், மாப்பிள்ளைக்கு வணக்கம், உனக்கு என் ஆசி எப்போதும் உண்டு.

உன் அண்ணன்,
கொம்பையா

பி.கு.: உடம்பு பளிச்சென்று இருப்பதாக மேலே எழுதியதை நம்பாதே. கடிதத்தை ஒட்டுவதற்குள், "டாக்டரு என்னமும் சொல்லட்டும், தலைக்குத் தண்ணி ஊத்தாம ஆத்தாவ அனுப்பப்படாது" என்று உன் மதினி வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினாள். முதல் செம்பிலேயே அந்த வாடை! "ஒங்க தங்கச்சி பாசமாக் கொடுத்தது, கீழ கொட்ட மனசு வரல" என்று மிச்சத் தைலத்தை அண்டாவில் கவிழ்த்திருக்கிறாள். துள்ளி எழுந்து ஓடிவிட்டேன். தலையும் முதுகும் மறுபடி தடித்துவிட்டன. மடி தப்பித்துவிட்டது. வாரேன்.