சலவைக்கல் அம்மாளும் அத்தானின் சப்பாத்தும்

அதிகம் பேசாதவனுக்குக் கோபம் வராது என்று ஊர் நினைக்கிறது. அக்காவின் புருசன் மேல் எனக்குள்ள கோபத்துக்கு வயது இருபதுக்கு மேல்.

எழுபதுகளில் சிட்னிக்கு வந்த புதிது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அக்கா வீட்டு சோபாவில்தான் படுக்கை. "எப்ப போவாய்?" என்று அத்தான் கேட்கமாட்டார், காலையில் சோபாவைத் தட்டித் தட்டித் துடைப்பார். அதனால் அருங்காட்சியகம் ஒன்றில் துப்புரவு வேலைக்கு நேர்முகம் என்றதும், அது கிடைத்தே ஆகவேண்டும் என்று தவித்தேன். அத்தானின் கலியாணச் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு (அவ்வளவு பெரிசு, நான் நடந்த பிறகுதான் அது நடக்கும்) போனேன். ஆங்கிலம் பேச அத்தானும் வந்தார்.

ஒரு மண்டபத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். நடுவில் வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு பெண். ஒரு கை இல்லை, மூக்கு நுனி இல்லை. உடுப்பின் மடிப்பு மட்டும் காற்றில் ஆடுவதுபோல் இருந்தது. கீழே எழுதியிருந்ததை அத்தான் வாசித்தார்.

"பெண் தெய்வமடா. கிரேக்கர் செய்ததைப் பாத்து ரோமர் செதுக்கினது. கோயிலில நிக்கிற மாதிரி மரியாதையா நில்லு!"

சொல்லிவிட்டு அடுத்த சிலைக்குப் போய்விட்டார். கோயிலில் எப்படி நிற்பது? சப்பாத்தைக் கழற்றி வாசலோரம் வைத்துவிட்டு வந்து, கண்ணை மூடி வேலை கேட்டேன். (அம்மாளுக்குத் தமிழ் தெரியுமா என்று யோசிக்கவில்லை.)

கண்ணைத் திறந்தால் சப்பாத்து இல்லை. குப்பையென்று யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"சப்பாத்து எங்கயடா?"

"கழட்டினனான் அத்தான். நீங்கள்தானே..."

"ஐயோ, என்ர கலியாணச் சப்பாத்து!"

உள்ளே அதிகாரி என் காலைப் பார்த்தார். காலுறை ஓட்டையால் என் பெருவிரல் அவரைப் பார்த்தது. அத்தான் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேலை கிடைக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அன்றிலிருந்து எந்தக் கலியாண வீட்டிலும் நான் கதிரையில் உட்கார்ந்தால் போதும், "மாமா, சப்பாத்து கவனம்!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். கதை சொல்பவர் அத்தான். "கோயிலில நிக்கிற மாதிரி" என்று தான் சொன்னது மட்டும் அவர் கதையில் ஒருநாளும் வந்ததில்லை.

போன திருவிழாவில், கோயில் வாசலில் வைத்த அத்தானின் சப்பாத்தை யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். சுடுகிற தார் ரோட்டில் துள்ளித் துள்ளி நின்றார். இன்றைக்காவது சிரிப்பார்கள் என்று சுற்றிப் பார்த்தேன்.

"ஐயோ பாவம்" என்றார்கள் எல்லோரும்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "தம்பி, உன்ரயைக் கழட்டி அத்தானுக்குக் குடு."

கொடுத்தேன். உள்ளங்கால் வெந்தது. "மாமா, சப்பாத்து கவனம்!" என்றது பின்னாலிருந்து ஒரு பிள்ளை.