ஆகஸ்டில் இறங்கும்

மனிதர்களில் ஏரிக்குப் போகிறவர்கள் ஒரு ரகம், போகாதவர்கள் ஒரு ரகம். எங்கள் பிஷ்கெக் நகரத்தில் மூன்றாவதாக ஒரு ரகமும் உண்டு: போகப்போகிறவர்கள். ஜனவரியில் போகப்போவார்கள், ஏப்ரலில் போகப்போவார்கள், ஜூலை வெயிலில் தெருவில் தார் உருகும்போதும் போகப்போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களிடம் பணம் இல்லையா? இருக்கிறது. விடுப்பு இல்லையா? அதுவும் இருக்கிறது. பிறகு என்னதான் தடை? விலை இன்னும் இறங்கவில்லை.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். பக்கத்து வீட்டுக்காரர் ஏரிக்கரை ரிசார்ட்டில் அறை போட்டுவிட்டதாகச் சொன்னால் மற்றவர்கள் "நல்லா போய்ட்டு வாங்க" என்பார்கள். இவர் "எவ்வளவுக்கு?" என்பார். தொகையைக் கேட்டதும், அடுத்தவருக்குப் பல் பிடுங்குவதைக் கிட்ட நின்று பார்க்கிறவரைப் போலக் கண்ணை மூடிக்கொள்வார். மூடிய கண்ணைத் திறக்காமலே அந்த மந்திரத்தை உச்சரிப்பார்: "ஆகஸ்ட்ல இறங்கும்."

உதாரணத்துக்கு மெதெர்பெக்கை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் மீட்டர் பழுது பார்க்கும் அலுவலகத்தில் மேற்பார்வையாளர், வயது ஐம்பத்து நான்கு, நல்ல மனிதர். மனைவி புருல் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். ஒரே மகள் ஜிபார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆகஸ்ட் இருபதாம் தேதி, மெதெர்பெக்குக்கு ஏரிக்கரையில் பாதி விலைக்கு ஓர் அறை கிடைத்துவிட்டது. எல்லாக் கோளாறும் அங்கேதான் ஆரம்பம். அந்த அறை கொதிகலனை ஒட்டி இருந்ததையும், மூன்று நாளும் மழை கொட்டியதையும், குடும்பம் முழுக்கப் போர்வைக்குள் உட்கார்ந்து சீட்டாடிவிட்டு வந்ததையும் அவர் யாரிடமும் சொல்வதில்லை. பாதி விலையை மட்டும் சொல்வார். ஒன்பது வருஷமாகச் சொல்கிறார்.

போன வருஷம் ஜனவரியில் நடந்ததைக் கேளுங்கள். புத்தாண்டுச் சாலட் இன்னும் தீரவில்லை. சகலை தாலாய் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, தான் ஜூலைக்கு அறை போட்டுவிட்டதாக அறிவித்தார்.

"இந்த மாசத்துக்குள்ள போட்டா கால்வாசி தள்ளுபடி, சகலை. நானே உனக்கும் சேர்த்துப் போட்டிருப்பேன். நீ கண்ணை மூடிக்குவியேன்னு பயந்தேன்."

"ஜனவரியில கால்வாசி குறைக்கிறவன் ஜூன்ல எவ்வளவு குறைப்பான்? யோசிக்க மாட்டியா நீ?"

"யோசிக்கிறது உன் வேலை, நீந்துறது என் வேலை. நம்ம மாமனார் சரியாத்தான் பிரிச்சுக் குடுத்திருக்கார்."

சகலைகளுக்குள் எதையும் பேசலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அதனால் மெதெர்பெக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் பாத்திரம் எடுக்க வந்த ஜிபார் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். போன இலையுதிர் காலத்தில் நாரின் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து அவள் காதில் தோடு மாட்டி நிச்சயம் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். செப்டம்பரில் கல்யாணம்.

"அப்பா, இந்தத் தடவையாவது முன்னாடியே போட்டுடுங்கப்பா. நம்ம மூணு பேரும் சேர்ந்து போக இதுதான் கடைசிக் கோடை. அடுத்த வருஷம் நான் நாரின்ல நின்னு வர்றவங்களுக்கெல்லாம் டீ ஊத்திட்டிருப்பேன். புது மருமகளை யாருப்பா ஏரிக்கு அனுப்புவாங்க?"

"உனக்காகத்தான்டா கண்ணு பார்க்கறேன்" என்றார் மெதெர்பெக். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். "கால்வாசின்னா பின்கட்டு அறைதான் நமக்குக் கட்டும். பாதி விலைன்னா ஏரியைப் பார்த்த அறை. பால்கனி. காலையில கண்ணு முழிச்சா தண்ணி. ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்க மாட்டோமா?"

ஜிபாருக்கு அப்பாவிடம் நம்பிக்கை அதிகம். பிப்ரவரியிலேயே ஒரு நீச்சல் உடை வாங்கி வைத்தாள். நீல நிறம்.

காத்திருப்பது சும்மா இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ரகத்தாருக்கு அது முழுநேர வேலை. மார்ச்சில் ஏரிப்பக்கம் பனி அதிகம் விழுந்தால் மகிழ்ச்சி. மே மாதம் மழை பெய்தால் இரட்டிப்பு மகிழ்ச்சி, கூட்டம் பயந்துவிடும் அல்லவா? பக்கத்து நாட்டு அல்மாட்டியிலிருந்து வருகிற கஸாக் வண்டிகள்தான் விலையை ஏற்றுகின்றன என்பது இவர்களுடைய சித்தாந்தம். ஆகவே மெதெர்பெக் ஜூன் மாதம் பூராவும் அலுவலகத்துக்குச் சுற்றுவழியாகப் போய், பெரிய சாலையோரம் நின்று, கஸாக் நம்பர் பலகைகளை எண்ணினார். எண்ணிக்கை குறைந்த நாளில் வீட்டுக்குத் தர்பூசணி வாங்கி வந்தார். ரிசார்ட்டுக்கு வாரம் ஒரு தடவை போன் செய்தார். ஒரு வாரம் தன் குரலில், மறு வாரம் நாற்பது ஆசிரியர்களைக் கூட்டிவரப்போகும் தலைமை ஆசிரியர் குரலில், இன்னொரு வாரம் காது கேளாத கிழவர் குரலில். அறைப் பதிவு பார்க்கும் வேரா என்ற அம்மாள் பொறுமைசாலி.

"இன்னைக்கு யாரா பேசறீங்க, மெதெர்பெக்? தலைமை ஆசிரியரா?"

"...விலை ஏதாவது இறங்கிச்சாம்மா?"

"இல்லைங்க. உங்க நாற்பது டீச்சருங்களையும் கேட்டதா சொல்லுங்க."

இதற்குள் விருந்துக் காலம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் விருந்துக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. அலுப்பு, தலைவலி, ஆசை இதையெல்லாம் யாரும் காரணமாக ஏற்பதில்லை. ஏற்கப்படுகிற காரணங்கள் இரண்டே இரண்டு: ஆஸ்பத்திரிக் கட்டில், அல்லது "காசு கட்டியாச்சு" என்ற சொல். அந்தச் சொல்லுக்கு மட்டும் எங்கள் சொந்தபந்தம் முழுவதும் தலை வணங்கும். சகலை தாலாய் அந்தச் சொல்லைக் குடைபோல் பிடித்துக்கொண்டு எல்லா அழைப்பிலிருந்தும் நனையாமல் தப்பித்தார். நம் ஆளிடம் குடை ஏது?

பெரியப்பா மகள் ஐதோல்கோன் அக்கா போன் செய்தார். "தம்பி, பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டான். வர்ற சனிக்கிழமை காலுல கயிறு கட்டி அதை வெட்டற விருந்து வச்சிருக்கோம். ஊர்லதானே இருப்ப?"

"ஏரிக்குப் போகலாம்னு ஒரு எண்ணம்க்கா..."

"அறை போட்டாச்சா?"

"இன்னும் இல்லக்கா. ஆகஸ்ட்ல..."

"அப்ப வா."

செப்டம்பரில் மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் விருந்துக்குப் போகாமல் இருக்கலாமா? நம் கூடத்தில் அப்புறம் யார் வந்து உட்காருவார்கள்? போனார். அதற்கடுத்த சனிக்கிழமை மேலதிகாரியின் அறுபதாவது பிறந்த நாள், அதற்கடுத்தது புருலின் சித்தி மகன் புது வீடு புகுந்தது, அதற்கடுத்தது பள்ளித் தோழனின் மகன் ராணுவத்திலிருந்து திரும்பியது, நடுவில் ஒரு புதன்கிழமை யாருடைய விருந்து என்றே தெரியாமல் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது மரியாதைக்குக் கட்டிக்கொடுத்த கறியையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஜூலை தீர்ந்தது. சகலை தினம் ஒரு படம் அனுப்பினார். வேகவைத்த சோளக்கதிர். கயிற்றில் கோத்த காய்ந்த மீன். ஆப்ரிகாட் பழக் கூடை. ஒரு நாள் தண்ணீருக்கு மேலே மிதக்கும் தன் தொப்பையை மட்டும் அனுப்பி, "பால்கனியிலேர்ந்து தெரியுது" என்று எழுதியிருந்தார்.

"ஏங்க, செப்டம்பர் ஒண்ணாந் தேதி எனக்குப் பள்ளிக்கூட மணி அடிச்சுடும்" என்றாள் புருல். "அலை ஓய்ஞ்சப்புறம் குளிக்கலாம்னு உட்கார்ந்திருக்கீங்க."

"பொறு."

ஆகஸ்ட் இருபத்து இரண்டாம் தேதி மாலை, டீ நேரத்தில், இறங்கிவிட்டது. பாதி விலை! ஏரியைப் பார்த்த அறை, பால்கனியோடு. மெதெர்பெக் எழுந்து நின்று போனைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். ஜிபார் உள்ளே ஓடி நீல உடையை எடுத்து வந்தாள். விலைச்சீட்டு இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியர் கூட்டத்துக்காக இருபத்தெட்டாம் தேதியே புருல் திரும்பியாக வேண்டும்; அடுத்த நாள் கிளம்பினால் முழுசாக ஐந்து நாள். புருல் கூடச் சிரித்துவிட்டாள்.

"சரி, போடுங்க" என்றாள்.

மெதெர்பெக்கின் விரல் திரைக்கு ஒரு சோளமணி உயரத்தில் போய் நின்றது. அங்கேயே நின்றது.

"பாதிவரைக்கும் இறங்கினவன் பாதியோட நிப்பானா?" என்றார் மெல்ல. "நாளைக்குத் தள்ளுபடி அறுபது சதவீதமாகும் பாரேன்."

"அப்பா!"

"ஒரே ராத்திரிடா கண்ணு."

இந்த இடத்தில் நீங்கள் அவரைத் திட்டினால் நான் தடுக்கமாட்டேன்.

அப்போது போன் அடித்தது. நாரினிலிருந்து சம்பந்தி அசான்குல்.

"சம்பந்தி! ஆடு மாடு, பிள்ளை குட்டி எல்லாம் சௌக்கியமா?"

ஆறாவது மாடியில் குடியிருக்கும் மெதெர்பெக், ஆடு மாடு எல்லாம் சௌக்கியம் என்றார்.

"நாளைக்கு ஒரு பன்னெண்டு பேரு கிளம்பி வரலாம்னு இருக்கோம். கல்யாண விஷயம், நாலஞ்சு நாள் இருந்து நிதானமா பேசிடலாம். எங்கயும் போறதா இருக்கீங்களா? அறை கிறை போட்டுக் காசு கட்டியிருந்தா கூச்சப்படாம சொல்லிடுங்க. கட்டின காசை நாங்க கெடுக்க மாட்டோம், அடுத்த வாரம் வந்துக்கறோம்."

மெதெர்பெக் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "கட்டியாச்சு" என்று ஒரு பொய் சொல்லிவிட்டு மறு நிமிஷம் கட்டிவிடலாம். ஆனால் மேசைமேல் ரொட்டி இருந்தது. ரொட்டியை முன்னால் வைத்துக்கொண்டு பொய் சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

"இல்ல சம்பந்தி" என்றார். "வீட்லதான் இருக்கோம். வாங்க."

ஜிபார் நீல உடையை மடித்து நாற்காலிமேல் வைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து டீக் கிண்ணங்களை எண்ணி எடுக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு வேண்டும். மறுநாள் காலையில் அறுபதாகவும் ஆகியிருந்தது. மெதெர்பெக்கின் கணக்கு அதுவரை தப்பியதே இல்லை.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஆடு வெட்டியாயிற்று. இரண்டாம் நாள் அசான்குல் கொழுப்புத் துண்டு ஒன்றைச் சம்பந்திக்கு ஊட்டிவிட்டு, "ஏன், இந்த வருஷம் ஏரிப்பக்கமே போகலையா?" என்று கேட்டார்.

"விலை இறங்கட்டும்னு பார்த்துட்டிருந்தேன்..."

அசான்குல் தொடையில் அறைந்தார். "அடடே! நம்ம ஆளுங்க நீங்க! நான் ஏழு வருஷமா பார்த்துட்டிருக்கேன். ஜனவரியில காசு கட்டறவனெல்லாம் மனுஷனா? கஸாக் வண்டிங்களை எண்ணுவீங்களா?"

கெட்டிலோடு நின்றிருந்த ஜிபாரின் கை பாதிக் கிண்ணத்தில் நின்றுவிட்டது. அம்மாவைப் பார்த்தாள். புருல் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மெதெர்பெக்குக்குத் தன் சித்தாந்தத்தை அடுத்தவர் வாயால் கேட்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கேட்கச் சகிக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. ஜிபார் நாரினுக்குப் போனாள். வீட்டில் இரண்டு கிண்ணம்தான் புழங்கின. ஜனவரி இரண்டாம் தேதி, யாரும் சொல்லாமலே, மெதெர்பெக் வேராவைக் கூப்பிட்டுத் தன் சொந்தக் குரலில் ஜூலைக்கு இரண்டு அறை கேட்டார். ஒன்று தங்களுக்கு, ஒன்று மகளுக்கும் மாப்பிள்ளைக்கும். வேரா அம்மாள் நம்பாமல் மூன்று தடவை பெயர் கேட்டார். பணத்தைக் கட்டிய கையோடு மெதெர்பெக் நாரினுக்குப் போன் போட்டு, பிள்ளைகளை அனுப்பிவையுங்கள் என்றார்.

"ஜூலையா?" அசான்குலின் குரலில் நிஜமான துக்கம். "எவ்வளவுக்கு?... ஐயோ, ஏமாத்திட்டாங்களே சம்பந்தி உங்களை! உடனே வாபஸ் வாங்குங்க. கொஞ்சம் பொறுங்க. ஆகஸ்ட்ல இறங்கும்."

"அப்படியா சொல்றீங்க?" என்றார் மெதெர்பெக். அந்த இரண்டு சொல்லில் பழைய ஆசை எட்டிப் பார்த்தது. "போன வருஷம் அறுபது வரைக்கும் இறங்கிச்சு, உண்மைதான்..."

புருல் போனைப் பிடுங்கினாள்.

"சம்பந்தி, காசு கட்டியாச்சு."

"கட்டியாச்சா?" என்றார் அசான்குல், துஷ்டி கேட்கிறவரைப் போல. "அப்ப சரி. அனுப்பி வைக்கிறோம்."

அந்தப் பக்கம், சற்றுத் தள்ளி, டீக் கிண்ணம் ஒன்று தரையில் விழுந்து உடைந்த சத்தமும், அதைத் தொடர்ந்து ஒரு புது மருமகள் சிரிக்கக் கூடாத அளவுக்குச் சிரித்த சத்தமும் கேட்டது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் போனில் மூன்று மாதமாக ஒரு பக்கம் மூடாமல் கிடக்கிறதே, அது என்ன? சும்மா பார்த்து வைத்ததா? இருக்கட்டும். இந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கித்தான் படித்தீர்களா, இல்லை கண்காட்சி முடிகிற அன்றைக்கு இன்னும் கொஞ்சம் இறங்கும் என்று கடையிலேயே நின்று இதுவரை படித்துவிட்டீர்களா? கடைக்காரர் ரொம்ப நேரமாக உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.