கிரணின் கைராசிக் கரி

நீலச் சாயம் கலந்த தண்ணீரில் நல்ல கரியைப் போட்டுக் கலக்கி வடிகட்டினால், சாயத்தைக் கரி இழுத்துக்கொண்டு தண்ணீர் தெளிய வேண்டும். பேராசிரியர் ஜெயராமனின் கண்ணாடிக் குவளையில் அது நடப்பதாக இல்லை.

"இன்னும் கொஞ்சம் கரி போடும்மா."

ஆராய்ச்சி மாணவி ஜோவிதா போட்டாள். நீலமாக இருந்த தண்ணீர் இப்போது கறுப்பாகவும் ஆனது.

"கிரண் செஞ்சப்ப அப்படித் தெளிஞ்சுது! அதே கடலை ஓடு, அதே ஆசிட், அதே அடுப்பு. கைதான் வேற!"

கிரண் அவருடைய பழைய மாணவன். வேர்க்கடலை ஓட்டிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் செய்து, கடைக் கரியையே தோற்கடிக்கும் முடிவுகளைக் கொண்டுவந்து கொடுத்தவன். அதைக் கட்டுரையாக்கி, மேடைக்கு மேடை பேசி, பொன்னாடை போர்த்திக்கொண்டவர் ஜெயராமன். ஆராய்ச்சியில் அவருடைய பங்கு, தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டதுதான். பின்னால் வந்த எந்த மாணவனுக்கும் அந்தக் கரி வரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை போதாது என்பது அவர் கண்டுபிடித்த காரணம்.

கிரண் இப்போது ஒரு தண்ணீர் சுத்திகரிப்புக் கம்பெனியில் அதிகாரி. கட்டுரையைப் படித்து மயங்கிய அவன் முதலாளி, கரியைக் கண்ணால் பார்க்க நாளை வருகிறார். பிடித்துப்போனால் கல்லூரியோடு ஒப்பந்தம். ஒப்பந்தம் வந்தால் ஜெயராமன் டீன். வராவிட்டால் அந்த நாற்காலி, அவருக்கு ஆகவே ஆகாத ராதா மேடத்துக்கு.

"டெமோ எல்லாம் எதுக்கு சார்? பேப்பரே போதும்னு நான் சொல்லிடறேன்" என்று கிரண் போனில் மன்றாடினான். என்ன அடக்கம் என்று உருகிப்போன ஜெயராமன், டெமோ வைத்தே தீருவேன் என்றுவிட்டார்.

"சூடு பத்தல" என்று இப்போது உலையின் சூட்டை ஏற்றினார். ஆறும்வரை பொறுக்க முடியாமல் கதவையும் திறந்தார். காற்றுப் பட்டதும் கரி குப்பென்று கனன்று சாம்பலானது. கடலைக்காய்ப் பரிஷெ என்ற வேர்க்கடலைத் திருவிழா முடிந்த பசவனகுடித் தெருக்களிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த ஓட்டில் அதுதான் கடைசி.

"உனக்குக் கைராசியே இல்லம்மா" என்றார், கதவைத் திறந்தவர். "வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கிறேன்."

அவள் லிங்கராஜபுரம் பஸ்ஸில் ஏறியதும் அவர் சிக்பேட்டைக்கு ஆட்டோ பிடித்தார். ஒரு சந்துக்குள் ஃபில்டர் சாமானும் மீன் தொட்டியும் விற்கும் கடை இருந்தது.

"கார்பன் எதுக்கு சார்?"

ஆராய்ச்சிக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. "வீட்ல மீன் வளக்கறோம்."

"எந்த மீன்? சின்னதா, பெருசா? தீனி இருக்கா?" விசாரணை முடிந்தபோது கரியோடு மீன் தீனியும் ஒரு வலையும் அவர் தலையில் கட்டப்பட்டிருந்தன.

கடைக் கரி குச்சி குச்சியாக இருந்தது. அவர் காட்ட வேண்டியதோ பொடி. மனைவி காந்தா பொம்மனஹள்ளியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தது நல்லதாய்ப் போயிற்று. மிக்ஸியில் போட்டு அரைத்தார். மூடியைப் பொருத்தத் தெரியாததால் சுவரும் அவர் முகமும் கறுத்தன. எல்லாவற்றையும் துடைத்துக் கழுவிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

இரவே திரும்பிவிட்ட காந்தா காலையில் வைத்த இட்லிக்குப் பக்கத்தில் சட்னி சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருந்தது.

"என்னங்க, சட்னி இப்படி வந்திருக்கு? மிக்ஸியைத் தொட்டீங்களா?"

"நான் எதுக்குத் தொடறேன்? சட்னி பிரமாதம்!" அதை நிரூபிக்க மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட வேண்டியதாயிற்று.

"அப்ப இந்த மீன் தீனி?"

"அல்சூர் ஏரி மீனுங்களுக்கு. புண்ணியம்." மேலே கேள்வி வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆய்வகத்தில் முதலாளியைப் பார்த்து அகலமாகச் சிரித்தார். பல்லெல்லாம் கரி. முதலாளி ஓர் அடி பின்னால் நகர்ந்தார். கிரணுக்கோ நெற்றியில் வியர்வை வழிந்தது. அதை குருபக்தி என்று எடுத்துக்கொண்டார் ஜெயராமன்.

"சார், வேணும்னா டெமோவை இன்னொரு நாள்..." என்று இழுத்தான் கிரண்.

"சும்மா இருடா. உன் கண்டுபிடிப்பை நீயே பாரு!"

பொடியைப் போட்டார், கலக்கினார், வடிகட்டினார். நீலம் போன இடம் தெரியவில்லை. முதலாளி கைதட்டினார். ஜோவிதா வாயைப் பிளந்தாள்.

"ஒரே நாள்ல எப்படி சார்?"

"அக்கறைம்மா, அக்கறை! இவன்கிட்ட கத்துக்கோ" என்று எல்லார் முன்னாலும் அவளைக் கடிந்துகொண்டு கிரணின் முதுகில் தட்டினார்.

"எங்களுக்கு இதே கரி மாசா மாசம் லாரி லாரியா வேணும். முடியுமா சார்?" என்றார் முதலாளி.

"தாராளமா!" என்ற ஜெயராமன் டீன் நாற்காலியில் மனசுக்குள் உட்கார்ந்தேவிட்டார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முதலாளி பிரின்சிபால் அறைக்கு நடந்தார். ஜோவிதா வழிகாட்டிக்கொண்டு முன்னால் போனாள். பேயறைந்தவன்போல நின்றிருந்த கிரண், வடிகட்டிய தண்ணீரையும் ஜெயராமனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தான்.

"சிக்பேட்டைக் கடையா சார்? பேப்பருக்கு நானும் அங்கதான் வாங்கினேன்."