எனக்குத் தைரியம் சொல்ல வந்தார்கள்

பரீட்சையில் தோற்றுப்போவது அப்படி ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. தோற்றவளுக்குத் தைரியம் சொல்கிறேன் பேர்வழி என்று கிளம்பி வருகிறார்களே, அவர்களைத் தாங்குவதுதான் கஷ்டம். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது யுத்த காலம். மயிலாப்பூரில் எங்கள் தெருவிலேயே காலேஜுக்குப் போன ஒரே பெண் நான்தான். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை. இண்டர்மீடியட் பரீட்சை எழுதி முடித்த கையோடு, பி.ஏ.க்கு என்ன பாடம் எடுக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் அபிப்பிராயம் கேட்டேன். (அவர்களாகப் பேச்சை எடுக்கவில்லை. நான்தான் வலியப் போய்க் கேட்டேன்.) பத்திரிகையில் ரிசல்ட் வந்தபோது என் நம்பரைக் காணோம். பௌதிகத்தில் போய்விட்டது.

அதோடு விட்டார்களா? துக்கம் விசாரிப்பது போல ஒவ்வொருவராக வந்தார்கள். பக்கத்து வீட்டு மாமி வாசற்படி ஏறும்போதே மூக்கை உறிஞ்சினாள். "பொம்மனாட்டி இவ்வளவு படிச்சதே ஜாஸ்திடி" என்று ஆறுதல் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு காபி கொடுத்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. செப்டம்பரில் மறுபடி எழுத அப்பா சம்மதிக்க வேண்டும். அவரோ, "ஒரு தடவை எழுதியாச்சு, வரலை. இனிமே வரனைப் பார்க்க வேண்டியதுதான்" என்று முடித்துவிட்டார். நான் அழுதேன். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தேன். (யாரும் பார்க்காதபோது மோர்சாதம் சாப்பிட்டது வேறு விஷயம்.) கடைசியில் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார்.

"தியாகராய நகர்ல ரிடையரான புரொபசர் ஒருத்தர் இருக்கார். ஃபெயிலான குழந்தைகளுக்கு ஆத்துக்கே வந்து உற்சாகம் கொடுக்கறாராம். அவர் வந்து பார்த்துட்டு உன்னால முடியும்னு சொன்னா எழுது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாகப் புரொபசர் சொல்லி அனுப்பினார். கூடவே தன் அண்ணா பிள்ளையையும் அழைத்து வருகிறாராம். அங்கேதான் வந்தது வினை. வயசுப் பெண் இருக்கிற வீட்டுக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு பெரியவர் கல்யாணமாகாத அண்ணா பிள்ளையோடு வந்தால் மயிலாப்பூரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மா யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒளித்துச் சேர்த்து வைத்திருந்த ரேஷன் சர்க்கரையை மொத்தமாகக் கொட்டிச் சொஜ்ஜி கிளறினாள். வாழைக்காய் பஜ்ஜியும் போட்டாள். என் தலையில் ஒரு பந்து மல்லிகையை வைத்து அழுத்தினாள்.

"தைரியம் சொல்ல வரவாளுக்கு எதுக்கும்மா பட்டுப்புடவை?"

"பேசாம கட்டிண்டு வா."

வந்தார்கள். புரொபசர் பஞ்சகச்சமும் கோட்டுமாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணா பிள்ளை நாகராஜன் சொஜ்ஜி, பஜ்ஜியையும் என் பட்டுப்புடவையையும் பார்த்துவிட்டு, அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். அம்மா நமஸ்காரம் பண்ணச் சொன்னாள், பண்ணினேன். பாடச் சொன்னாள். பௌதிகத்துக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டாமா? மண்டு, கேட்கவில்லை. புரொபசர் தலையை ஆட்டிவிட்டால் செப்டம்பரில் எழுதலாம் என்ற ஒரே நினைப்பில், கல்யாணி ராகத்தைக் கதறக் கதறப் பாடி வைத்தேன்.

"பேஷ். இவ்வளவு பாட்டு வரபோது பௌதிகம் வராமலா போயிடும்?" என்றார் புரொபசர்.

கதவோரம் நின்ற அம்மாவுக்குப் பௌதிகம் காதில் விழவில்லை. "பிள்ளை என்ன படிச்சிருக்கார்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்காகவே வந்தவர் போலப் புரொபசர் முகம் மலர்ந்தது. "இண்டர்மீடியட். மூணு தடவை."

"மூணு தடவையும் பாஸா?"

"மூணு தடவையும் ஃபெயில். ஆனா அசந்தானா பாருங்கோ. இந்தச் செப்டம்பர்ல நாலாவது தடவை உட்காரறான். விடாமுயற்சின்னா என்னன்னு குழந்தைகளுக்குக் காட்டத்தான் இவனைக் கூடவே அழைச்சிண்டு போறேன்."

அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "ஏன்னா, ஃபெயிலான பிள்ளைக்கா நம்ம பெண்ணைக் கொடுக்கறது?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"பெண்ணைக் கொடுக்கறதா?" என்று புரொபசர் விழித்தார்.

"எனக்கு ஆட்சேபணை இல்லை, சித்தப்பா" என்றார் நாகராஜன், வாயில் பஜ்ஜியோடு.

அப்பா அப்போதாவது விஷயத்தை விளக்கியிருக்கலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? மோவாயைத் தடவிக்கொண்டு, "அதனால என்னடி? ஆம்பளைப் பிள்ளை. இன்னொரு தடவை எழுதிட்டுப் போறான்" என்றார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அவமானமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றேன்.

"அவர் நாலாவது தடவை எழுதினா அது விடாமுயற்சி. நான் ரெண்டாவது தடவை எழுதறேன்னா வரனைப் பார்க்கணுமாப்பா?"

அம்மா, நாகராஜன் அடுத்த பஜ்ஜிக்கு நீட்டிய கையைச் சட்டை செய்யாமல், தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். (அம்மா என் கட்சி என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.) புரொபசர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்தக் குழந்தைக்கு நான் சொல்ல ஒண்ணுமில்லை, சார். எழுதட்டும்" என்று எழுந்தார்.

அவர்கள் போன பிறகு அப்பா கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கடைசியில் என் முகத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னார்: "இனிமே நம்மாத்துல ஆணோ பெண்ணோ, யாரா இருந்தாலும் நாலு தடவை. அதுக்கு மேல கிடையாது."

நான் செப்டம்பரிலேயே தேறிவிட்டேன். நாகராஜன் ஐந்தாவது தடவையில் தேறி ரயில்வேயில் சேர்ந்ததாகக் கேள்வி. ஆனால் பாருங்கள், நான் சண்டை போட்டு வாங்கின சட்டத்தை அனுபவித்தவர்கள் எல்லாம் வேறு ஆட்கள். என் தம்பி நாலு தடவையையும் ஒன்று மிச்சம் வைக்காமல் எழுதித் தீர்த்தான். என் அண்ணாவின் பிள்ளைகள்கூட அதில் பங்கு கேட்டார்கள். ஒருத்தராவது எனக்கு நன்றி சொன்னதுண்டா?

போன மாசம் என் பெண்ணுக்குக் கெமிஸ்ட்ரியில் போய்விட்டது. நான் மனசு கேட்காமல், நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். அவள் வாரப் பத்திரிகையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நாலுல ஒண்ணுதானேம்மா போயிருக்கு. போய்க் காபி போடு" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன்.