கோவாவுக்குக் கவ்வாத்து

பட்டியல் போட்டு வேலை செய்கிறவர்கள் தவறு செய்வதில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. உண்மையில் நாங்களும் தவறு செய்கிறோம். அதை வரிசைப்படி, எதையும் விட்டுவிடாமல் செய்கிறோம்.

இப்போது ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம், சளி முதலானவற்றைப் பரிசோதிக்கிறேன். என் பதிவேட்டில் பிழை பிடிக்க முடியாது என்று மேலதிகாரி சொல்லுவார். (அவருக்கு என் நான்காம் வகுப்புக் கொப்பி தெரியாது.)

இலங்கை மலைநாட்டில், வட்டகொடைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். ஓர் அறை, நான்கு வகுப்பு, ஒரு மாஸ்டர். மாஸ்டர் யாழ்ப்பாணத்தவர். மலைக்குளிரைத் தன்மேல் யாரோ ஏவிவிட்டதாகவே நினைத்து, பகலிலும் கழுத்தில் மஃப்ளரோடு இருப்பார். பாடங்களை மறந்துவிட்டேன், பள்ளிக்கூடத்துக்கு வந்துபோனவர்களை மறக்கவில்லை. வருடத் தொடக்கத்தில் ஊசி போட நர்ஸ் வருவார். பாதி வகுப்பு தேயிலைக்குள் புகுந்துவிடும். நடுவில் ஒருநாள் எங்களை வரிசையாகத் தேயிலை ஃபாக்டரி பார்க்க அழைத்துப் போவார்கள். அங்கே வேலை செய்யும் எங்கள் சொந்தக்காரர்கள் ஃபாக்டரியை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டர் வருவார்.

அந்த வருடம் இன்ஸ்பெக்டர் வருவதில் என் தலைவிதி தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்கு மேல் இல்லை. ஐந்தாம் வகுப்பு வேண்டும் என்று மாஸ்டர் எழுதிப் போட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் சரியென்றால் படிப்பு. இல்லையென்றால் விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நானும் போய் நிற்க வேண்டும். எனக்கு வயது பத்து.

இன்ஸ்பெக்டருக்குக் காட்டவென்றே மாஸ்டர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பாத்தி போட்டு வைத்திருந்தார். போஞ்சி இரண்டு வரிசை, தக்காளி ஒரு வரிசை, கோவா ஒரு வரிசை. (போஞ்சியை பீன்ஸ் என்றும் கோவாவை முட்டைக்கோஸ் என்றும் சொல்கிறவர்கள் உண்டு.) நாங்கள்தான் தண்ணீர் ஊற்றினோம். போஞ்சி கம்பைப் பிடித்து ஏறிக் காய் விட்டிருந்தது. கோவா உருண்டு திரண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் மத்தியானம் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நான் மொனிட்டர்.

"பிள்ளை, நான் தலவாக்கலைக்குப் போய் வர்ணத் தாள் வாங்கிக்கொண்டு வாறன். நீர் பாத்தியளை ஒருக்கா துப்புரவாக்கி வையும். நாளைக்கு இன்ஸ்பெக்டரோட தொரையும் வாறார்."

தொரை என்றால் தோட்டத்தையே ஆளும் மனேஜர். மாஸ்டர் 'தொரையும்' என்று சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்குப் பின்னாலும் அம்மா போஞ்சி போட்டிருந்தாள். அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது வீட்டுப் போஞ்சி. இது தொரை வந்து பார்க்கப்போகும் போஞ்சி. தொரை பார்க்கிற எதுவும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்பது பத்து வருட வாழ்க்கையில் நான் கண்டறிந்த விதி. என் அப்பா அந்தத் தோட்டத்தில் பேர்போன கவ்வாத்துக்காரர். உயர்ந்து போன தேயிலையை மட்டமாக வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. வெட்டினால்தான் மறுபடி நன்றாகத் தளிர்க்கும். நான் கொப்பியை எடுத்து எழுதினேன்:

1. அப்பாவின் பழைய கவ்வாத்துக் கத்தி
2. அளவுக் கம்பு, பதினாலு அங்குலம்
3. பாசி துடைக்கச் சாக்கு
4. செல்லாயி

செல்லாயி என் வகுப்புத் தோழி. கம்பு பிடிப்பது அவள் வேலை.

"ஏன்டி, இதுல காய் இருக்கே?" என்றாள்.

"தேயிலைல கொழுந்து இருக்கும்போது வெட்டலையா?"

அவள் கம்பைப் பிடித்தாள். போஞ்சியையும் தக்காளியையும் பதினாலு அங்குலத்தில் வெட்டினோம். அப்பா செய்வதுபோலக் கத்தியைச் சாய்த்துத்தான் வெட்டினேன். தேயிலையில் வெட்டி முடித்ததும் தண்டில் படிந்த பாசியைத் துடைப்பார்கள். தக்காளித் தண்டில் பாசி இல்லை, இருந்தாலும் துடைத்தோம். கோவாவிடம் வந்தபோதுதான் சிக்கல். அது பதினாலு அங்குலம் வளரவில்லை.

"கோவாவ விட்டுறலாம்டி."

"மட்டமா இருக்காதே" என்றேன். யோசித்து, கோவாவுக்கு ஆறு அங்குலம் என்று தனி அளவு வைத்தேன். எல்லாவற்றின் தலையும் பாதியாகப் போயிற்று. வெட்டிய தழையைத் தோட்ட வழக்கப்படி வரிசைக்கு நடுவில் பரப்பிவிட்டு, எத்தனை செடி, எந்த உயரம், வெட்டியது யார், கம்பு பிடித்தது யார் என்று கொப்பியில் பதிந்தேன். பொழுது சாயும்போது திரும்பிப் பார்த்தேன். நான்கு வரிசையும் நூல் பிடித்தாற்போல இருந்தன. ஐந்தாம் வகுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

காலையில் மாஸ்டர் பாத்திக்கு முன்னால் நின்றார். மஃப்ளர் தானாக அவிழ்ந்து தொங்கியது.

"ஆர் செய்தது?"

"நாந்தாங்க சார். எல்லாம் முடிஞ்சிருச்சுங்க."

"ஓம். முடிஞ்சுதான் போச்சு."

அவருக்குத் திட்டக்கூட நேரமில்லை. தொரையின் கார் ஏறி வரும் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் டை கட்டிய தமிழர். வாய்ப்பாடு கேட்டார், வாசிக்கச் சொன்னார், எல்லாம் சுமாராகப் போனது. பிறகு, "பாத்தி போட்டிருக்கிறதாக எழுதியிருந்தீர்களே?" என்றார். மாஸ்டர் தூக்குமேடைக்கு வழி காட்டுகிறவர்போல முன்னால் நடந்தார்.

இன்ஸ்பெக்டர் பார்த்தார். பாதிக் கோவாவைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தொரையோ குனிந்து ஒரு போஞ்சித் தண்டின் வெட்டை விரலால் தடவினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் தொரை சிரித்தது அன்றுதான்.

"யார் வெட்டினது?" என்று தொரை கேட்டார்.

நான் முன்னால் போய் நின்றேன். (பெருமையோடுதான்.)

"ரொம்ப நல்ல வெட்டு. யார் மகள்?"

அப்பா பெயரைச் சொன்னேன்.

"அப்படியா. இந்தக் குட்டிக்கு வேலை தெரியும். ஸ்கூல் போதும். அடுத்த மாசம் பேர் பதியலாம்."

பெரட்டில் நிற்காமல் இருப்பதற்காக நான் செய்த காரியம் என்னை நேராகப் பெரட்டுக்கே கொண்டுபோனது. செல்லாயி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். நான் மாஸ்டரைப் பார்த்தேன். என்மேல் கோபப்பட அவருக்கு நான்கு வரிசைக் காரணம் இருந்தது.

மாஸ்டர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டார்.

"மன்னிக்க வேணும் ஐயா. இந்தப் பிள்ளைக்கு வேலை தெரியாது" என்றார் இன்ஸ்பெக்டரிடம். "போஞ்சிக்கும் தேயிலைக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை. கோவாவைக் கவ்வாத்துப் பண்ணி வச்சிருக்குது. இதை நாலாம் வகுப்போட வெளியில விட்டா எங்களுக்கு மட்டுமில்லை, தேயிலைக்கும் ஆபத்து. இன்னும் ஒரு வருசமாவது படிப்பிக்க வேணும்."

இன்ஸ்பெக்டர் என் கொப்பியைக் கேட்டு வாங்கினார். 'கோவா, பதினொன்று, ஆறு அங்குலம்' என்ற வரியில் வெகுநேரம் நின்றார். பிறகு தன் தாளில் ஏதோ எழுதினார். இரண்டு மாதம் கழித்து வந்த கடிதத்தை மாஸ்டர் வகுப்பில் சத்தமாக வாசித்தார். காய்கறிப் பாத்தி: பார்க்கக் கிடைக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு: அவசரமாகத் தேவை.

அன்று சாயங்காலம், அதாவது தொரை வந்துபோன அன்று, சேதி எனக்கு முன்னால் லயத்துக்குப் போய்விட்டது. அப்பா வாசலில் நின்றார்.

"எத்தன அங்குலத்துல வெட்டுன?"

"பதினாலுப்பா."

"கத்தியச் சாச்சா, நேராவா?"

"சாச்சுத்தான்."

"ம். வெட்டு சரிதான்" என்று சொல்லிவிட்டு அடித்தார். அடிப்பதற்கு முன்னால் வேலையின் தரத்தை விசாரித்த தகப்பன் வேறு யாருக்கும் வாய்த்திருக்க மாட்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கோவா வாங்கினால், "எத்தன அங்குலத்துல?" என்று யாராவது கேட்காமல் அரிவதில்லை. நான் ஒவ்வொரு சோதனை பாஸ் பண்ணும்போதும் அப்பா சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அன்று மாஸ்டர் சொன்னதை வைத்து ஒரே கேள்வி கேட்பார். போன மாதம் கொழும்பில் இன்னும் ஒரு வருடம் படிக்க விண்ணப்பத் தாள் வந்தது. பிணைக் கையெழுத்துக்கு அவரிடம் நீட்டினேன்.

"இப்பவாவது போஞ்சி எது, தேயில எதுன்னு தெரியுதா?"

"இன்னும் தெரியலப்பா."

"அப்பப் படிச்சுத்தான் ஆகணும்" என்று கையெழுத்துப் போட்டார்.